பத்துப் பேர் போன பிறகு சங்கம் யாருக்கு? அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டில் வெளியேற்ற வழக்குகள்

அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் விட்மன் என்றொரு மாவட்டம் உண்டு. கோதுமை வயல்கள் நிறைந்த நாட்டுப்புறம். அங்குள்ள நீதிமன்றத்தில் 2023 நவம்பர் 14 ஆம் திகதி நீதிபதி கரி லிபி ஓர் இடைக்கால உத்தரவு பிறப்பித்தார். பன்னிரண்டு பல்கலைக்கழகங்கள் இருந்த ஒரு விளையாட்டுச் சங்கத்தில் பத்து வெளியேறப் போவதாக அறிவித்துவிட்டன. மிஞ்சியவை இரண்டு. அப்படியானால் சங்கத்தின் நிர்வாகமும் சேமிப்பும் யார் கையில் இருக்கவேண்டும்? மிஞ்சிய இரண்டின் கையில்தான் என்றது உத்தரவு.

ரொறன்ரோவிலும் நியூஜேர்சியிலும் எங்கள் உறவுகளின் பிள்ளைகள் இந்தப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் காலம் இது. ஆனாலும் இந்தக் கதையை நெடுந்தீவிலிருந்து எழுதுவதற்கு வேறு காரணமும் இருக்கிறது. பெரியவர்கள் கணக்குப் பார்த்துப் போன பிறகு மிஞ்சியவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதே இந்த வழக்குகளின் மையக் கேள்வி. அது எங்களுக்குப் புதிய கேள்வி அல்ல.

முதலில் அமைப்பை விளங்கிக்கொள்வோம். அமெரிக்காவில் பல்கலைக்கழக விளையாட்டு என்பது பெரும் வியாபாரம். குறிப்பாக 'புட்போல்'. இது நாங்கள் ஆடும் உதைபந்தாட்டம் அல்ல. தலைக்கவசம் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது. நாடு முழுவதற்குமான விதிகளை என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு வகுக்கிறது. அதற்குக் கீழே, அயலிலுள்ள பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தங்களுக்குள் ஆடுவதற்காக அமைத்துக்கொண்டவை 'கொன்பரன்ஸ்' எனப்படுகின்றன. தமிழில் கூட்டமைப்பு என்று சொல்லலாம். (கூட்டமைப்பு என்றதும் எங்கள் வாசகர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். அதற்கும் பிறகு வருகிறேன்.)

முன்பு தொலைக்காட்சி உரிமையை என்.சி.ஏ.ஏ. தன் கையில் வைத்திருந்தது. எந்தப் போட்டி, எத்தனை முறை ஒளிபரப்பாகும் என்பதை அதுவே தீர்மானித்தது. ஒக்லஹோமா, ஜோர்ஜியா பல்கலைக்கழகத் தரப்புகள் இதை எதிர்த்து வழக்குப் போட்டன. 1984 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற பெரும்பான்மையில், இது போட்டியைத் தடுக்கும் ஏற்பாடு, செல்லாது என்று தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து ஒளிபரப்பு உரிமையை விற்பது கூட்டமைப்புகளின் வேலையாயிற்று. அயலவர்கள் சேர்ந்து விளையாடுவதற்காக உருவான சங்கம், தொலைக்காட்சியோடு பேரம் பேசும் சங்கமாக மாறிய இடம் இதுதான். பேரத்தில் யார் சேர்ந்தால் விலை கூடும் என்ற கணக்கு வந்தபின், அயலவர் என்ற சொல்லுக்குப் பெறுமதி குறைந்துவிட்டது.

எங்கள் ஊர் உதாரணம் ஒன்று. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் துடுப்பாட்டப் போட்டியை 'வடக்கின் பெரும் போர்' என்கிறோம். இரண்டில் ஒன்றைக் கொழும்புத் தொலைக்காட்சி ஒன்று கூடிய பணம் தருவதாகச் சொல்லி, இனிக் காலியோடும் கண்டியோடும் ஆடு என்று கூட்டிக்கொண்டு போனால் எப்படியிருக்கும்? அமெரிக்காவில் அதுதான் நடந்தது. ஒரே மாநிலத்தைச் சேர்ந்த ஒக்லஹோமாவும் ஒக்லஹோமா ஸ்டேட்டும் நூறு வருடத்துக்கு மேலாக ஆடிவந்த ஆட்டம், 2023 க்குப் பிறகு அட்டவணையில் இல்லை. ஒரிகன் மாநிலத்தின் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிக்கு 'உள்நாட்டுப் போர்' என்றே பெயர் இருந்தது. அந்தப் பெயர் சரியில்லையென்று 2020 இல் கைவிட்டார்கள். நாங்கள் எங்கள் 'பெரும் போரை' இன்னும் வைத்திருக்கிறோம்.

இனிப் பசுபிக் கரைக்கு வருவோம். பக்-12 என்ற கூட்டமைப்பின் வேர் 1915 வரை போகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள பெயர்பெற்ற பல்கலைக்கழகங்கள் அதில் இருந்தன. 2022 ஜூன் 30 ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களான யூ.எஸ்.சி.யும் யூ.சி.எல்.ஏ.யும் 'பிக் டென்' கூட்டமைப்புக்குப் போவதாக அறிவித்தன. அது நாட்டின் நடுப்பகுதிக் கூட்டமைப்பு. அதே ஆண்டு ஓகஸ்டில் அது ஏழு ஆண்டுகளுக்கு ஏழு பில்லியன் டொலருக்கு மேற்பட்ட ஒளிபரப்பு ஒப்பந்தங்களைச் செய்துகொண்டது. மறுபக்கம் பக்-12 புதிய ஒப்பந்தத்துக்கு அலைந்தது. 2023 ஜூலையில் கொலராடோ போனது. ஓகஸ்ட் 4 ஆம் திகதி ஒரே நாளில் ஒரிகனும் வொஷிங்டனும் பிக் டென்னுக்கும், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12 க்கும் போவதாக முடிவாயிற்று. செப்டெம்பர் 1 ஆம் திகதி ஸ்டான்போர்டும் கலிபோர்னியாவும் போயின. அவை சேர்ந்த கூட்டமைப்பின் பெயர் 'அத்திலாந்திக் கரை'. பசுபிக் கரையில் இருப்பவர்கள் அத்திலாந்திக் கரைச் சங்கத்தில்! பெயரை மாற்றவேண்டுமென்று எவரும் அவசரப்படவில்லை.

வெளியேறியவர்கள் கட்டணம் எதுவும் கட்டவில்லை. பக்-12 இல் அப்படியொரு கட்டணம் இருக்கவில்லை. ஒளிபரப்பு ஒப்பந்தம் 2024 கோடையோடு முடியவிருந்ததால் அதுவரை காத்திருந்து போவதாகச் சொன்னார்கள். அந்த ஓர் ஆண்டில்தான் சிக்கல். போகப்போகும் பத்துப் பேரும் சபையில் அமர்ந்து வாக்களித்தால், சங்கத்தைக் கலைத்துப் பணத்தைப் பங்கிட்டுவிட முடியும். மிஞ்சிய ஒரிகன் ஸ்டேட்டும் வொஷிங்டன் ஸ்டேட்டும் நீதிமன்றம் போனது இதனால்தான்.

அவர்களுக்குக் கைகொடுத்தது சங்கத்தின் யாப்பில் இருந்த ஒரு விதி. 2024 ஓகஸ்ட் 1 க்கு முன் விலகல் அறிவித்தல் கொடுக்கும் உறுப்பினர் சபையில் தன் இடத்தை இழப்பார் என்றது அது. போனவர்கள், 'நாங்கள் அறிவித்தது 2024 ஓகஸ்டுக்குப் பிறகு நடக்கும் விலகலைப் பற்றி, ஆகவே அந்த விதி எங்களைக் கட்டாது' என்று வாதிட்டார்கள். ஆனால் லொஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகங்கள் இரண்டும் 2022 இல் அறிவித்தபோது, மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து அதே விதியைக் காட்டி அவர்களைச் சபையிலிருந்து விலக்கியிருந்தார்கள். கொலராடோவுக்கும் அப்படியே நடந்தது. பிறருக்குப் பிடித்த அளவுகோலைத் தங்களுக்கு வேண்டாமென்றால் எந்த நீதிபதி ஏற்பார்? 2023 டிசம்பர் 15 ஆம் திகதி வொஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. ஒரு வாரத்துக்குள் இணக்கம் வந்தது. போகும் பத்துப் பேரும் மொத்தம் 65 மில்லியன் டொலரைக் கைவிடச் சம்மதித்தார்கள். சங்கத்தின் பெயரும் மீதிச் சொத்தும் இருவருக்கானது.

எண்ணிக்கை வேறு, யாப்பு வேறு என்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். 2004 தேர்தலுக்கு முன் தமிழர் விடுதலைக் கூட்டணிக்குள் பிளவு வந்தபோது, தலைவராயிருந்த ஆனந்தசங்கரி ஒரு பக்கம், பெரும்பாலான உறுப்பினர்கள் மறுபக்கம். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. உதயசூரியன் சின்னம் பெரும்பான்மையினருக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்குப் போனார்கள். எது சரி, எது பிழை என்பது இந்தக் கட்டுரைக்குரிய விடயமல்ல. சங்கம் நல்லாயிருக்கும் காலத்தில் யாரும் வாசிக்காத பந்தி, பிரியும்போது எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

அத்திலாந்திக் கரைக் கூட்டமைப்பின், அதாவது ஏ.சி.சி.யின் கதை இதற்கு நேர் எதிர். அங்கே கதவு இறுகப் பூட்டியிருந்தது. 2012 நவம்பரில் மேரிலாண்ட் பல்கலைக்கழகம் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தபோது, ஏ.சி.சி. 52 மில்லியன் டொலர் வெளியேற்றக் கட்டணம் கேட்டது. வழக்கு நடந்து 2014 இல் 31.4 மில்லியனில் தீர்ந்தது. அந்தப் பயத்தில் 2013 இல் எஞ்சிய உறுப்பினர்கள் எல்லோரும் 'உரிமை ஒப்படைப்பு' என்ற பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள். 2016 இல் அதை 2036 வரை நீட்டினார்கள்.

இந்தப் பத்திரத்தை எங்கள் பாணியில் சொன்னால், பனை வளவைக் குத்தகைக்கு விட்டது போல. வளவு உங்களுடையது. நீங்கள் ஊரைவிட்டுப் போகலாம், எவரும் மறிக்கமாட்டார்கள். ஆனால் 2036 வரை அந்தப் பனைகளின் பலன் முழுவதும் சங்கத்துக்கு. புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகம் வேறு கூட்டமைப்புக்குப் போனாலும், அதன் சொந்த மைதானத்தில் நடக்கும் போட்டிகளின் ஒளிபரப்புப் பணம் ஏ.சி.சி.க்கே போகும். அப்படியானவரை வேறு எந்தச் சங்கம் சேர்த்துக்கொள்ளும்?

2023 பருவத்தில் புளோரிடா ஸ்டேட் 13 ஆட்டங்களிலும் வென்று ஏ.சி.சி. சம்பியனானது. அப்படியிருந்தும் டிசம்பர் 3 ஆம் திகதி, நாட்டின் இறுதிச் சுற்றுக்குரிய நான்கு அணிகளில் அதைச் சேர்க்கவில்லை. அதன் முதன்மைத் தாக்குநர் காயமடைந்திருந்ததும் காரணங்களில் ஒன்று. டிசம்பர் 22 ஆம் திகதி அதன் அறங்காவலர் சபை வழக்குப் போட முடிவெடுத்தது. ஆனால் ஏ.சி.சி. ஒரு நாள் முந்திக்கொண்டு, தன் தலைமையகம் இருக்கும் வட கரோலினாவில் வழக்கைப் பதிந்துவிட்டது. எந்த ஊர் நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது என்பதும் போரின் பாதி. 2024 மார்ச்சில் தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழகமும் தன் மாநிலத்தில் வழக்குப் போட்டது.

வெளியேற 572 மில்லியன் டொலர் வரை இழக்கவேண்டியிருக்கும் என்பது புளோரிடா ஸ்டேட்டின் கணக்கு. ஒப்பந்தச் சட்டத்தில் இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒருவர் விலகுவதால் மற்றவர்களுக்கு ஏற்படக்கூடிய நட்டத்தை முன்கூட்டியே நியாயமாக மதிப்பிட்டு எழுதிவைத்தால் அது செல்லும். நட்டத்தோடு சம்பந்தமில்லாமல், ஆளைப் பயமுறுத்துவதற்காக எழுதினால் அது தண்டம், நீதிமன்றம் தள்ளிவிடும். புளோரிடா ஸ்டேட் இது தண்டம் என்றது. ஏ.சி.சி. சொன்ன பதில் எளிமையானது: நீங்கள் படித்தவர்கள், உங்களிடம் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள், ஒரு தடவையல்ல இரண்டு தடவை கையெழுத்திட்டீர்கள்.

என் பார்வையில் ஏ.சி.சி.யின் வாதம் பலமானது. ஆனால் பலமான வாதம் உள்ளவரும் வழக்கு முடியும்வரை காத்திருக்க விரும்புவதில்லை. 2025 மார்ச் 4 ஆம் திகதி சமரசம் வந்தது. ஒளிபரப்பு வருமானத்தில் 40 வீதம் சமமாகவும், 60 வீதம் பார்வையாளர் எண்ணிக்கைக்கு ஏற்பவும் பங்கிடப்படும். கூடப் பேர் பார்க்கும் அணிக்குக் கூடப் பணம். வெளியேற்றக் கட்டணம் 165 மில்லியன் டொலரில் தொடங்கி ஆண்டுக்கு 18 மில்லியன் வீதம் குறைந்து 75 மில்லியனில் நிற்கும். அதைக் கட்டினால் ஒளிபரப்பு உரிமையும் கையோடு வந்துவிடும். குத்தகை முடிய முன்னரே பனைகளை மீட்க ஒரு விலை வைத்துவிட்டார்கள்.

இந்த வழக்குகள் எதிலும் தரப்பினராக இல்லாதவர்கள் விளையாடுகிற பிள்ளைகள். புட்போல் அணி வாரத்தில் ஒரு நாள் ஆடுவது, தனி விமானத்தில் போய்வரும். ஆனால் ஒரு கூட்டமைப்பில் கரப்பந்தாட்டம், உதைபந்தாட்டம், மெல்பந்து எல்லாம் சேர்ந்தே போகின்றன. ஸ்டான்போர்டின் கரப்பந்தாட்ட வீராங்கனை கூட்டமைப்புப் போட்டிக்காக பொஸ்டன் வரை பறக்கவேண்டும். ஒரு வழி மட்டும் 4,000 கிலோமீற்றருக்கு மேல், மூன்று மணி நேர நேரவித்தியாசம். இரவு திரும்பி வந்து காலையில் பரீட்சை. அந்தப் பிள்ளைகளின் விளையாட்டுக்குத் தொலைக்காட்சி பெரிதாக எதுவும் கொடுக்கவில்லை. புட்போலுக்குக் கிடைத்த விலைக்காக அவர்களும் இழுபடுகிறார்கள்.

நெடுந்தீவுப் பிள்ளைகளுக்கு இது சொல்லி விளங்கவேண்டியதில்லை. வலய மட்ட மெய்வல்லுநர் போட்டிக்கோ கரப்பந்தாட்டத்துக்கோ போவதென்றால், விடிய மாவிலித்துறையில் படகேறி, ஒரு மணித்தியாலம் கடலில் போய், குறிகட்டுவானில் இறங்கி பஸ் பிடிக்கவேண்டும். சோளகக் காற்றுக் காலத்தில் படகில் சத்தியெடுத்த பிள்ளை அதே காலைப்பொழுதில் நூறு மீற்றர் ஓடவேண்டும். கடைசிப் படகு போய்விடும் என்று இறுதிப் போட்டியின்போது ஆசிரியர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். மாகாண மட்டத்துக்குத் தெரிவானால் வெளியே தங்குமிடம் தேடவேண்டும். போட்டிகளை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும் கூட்டங்களில் படகு நேரம் எத்தனை தடவை பேசப்படுகிறது? ஸ்டான்போர்டுப் பிள்ளையிடம் வசதி இருக்கிறது, எங்களிடம் இல்லை. ஆனால் தூரத்தைத் தீர்மானிப்பவர் வேறு, பயணம் செய்பவர் வேறு என்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

மிஞ்சிய இருவரின் கதை இன்னும் முடியவில்லை. ஒரிகன் ஸ்டேட்டும் வொஷிங்டன் ஸ்டேட்டும் 2024 பருவத்தில் ஆட ஆள் இல்லாமல், பக்கத்திலுள்ள 'மவுண்டன் வெஸ்ட்' கூட்டமைப்போடு ஓர் ஒப்பந்தம் செய்து அட்டவணையை நிரப்பின. அந்த ஒப்பந்தத்தில் ஒரு பந்தி: எங்கள் உறுப்பினரை நீங்கள் கூட்டிக்கொண்டு போனால் முதலாமவருக்கு 10 மில்லியன் டொலர், அடுத்த ஒவ்வொருவருக்கும் அரை மில்லியன் கூடுதலாகத் தரவேண்டும். 2024 செப்டெம்பர் 12 ஆம் திகதி பக்-12 அதே மவுண்டன் வெஸ்டிலிருந்து நான்கு பல்கலைக்கழகங்களைச் சேர்ப்பதாக அறிவித்தது. பிறகு ஐந்தாவதாக யூட்டா ஸ்டேட். மொத்தக் கட்டணம் 55 மில்லியன். கட்டுவதற்குப் பதிலாக, இந்தப் பந்தி சட்டவிரோதம் என்று பக்-12 கலிபோர்னியாவிலுள்ள மத்திய அரச நீதிமன்றில் வழக்குப் போட்டது. ஓராண்டுக்கு முன் கைவிடப்பட்டவர்களாக நீதிமன்றம் போனவர்கள், இப்போது இன்னொரு சங்கத்தைக் கைவிடச் செய்பவர்களாகப் போனார்கள். மவுண்டன் வெஸ்டில் மிஞ்சியவர்கள் அந்த 55 மில்லியனைக் கேட்டு நின்றார்கள்.

புதிய பக்-12 தொடங்கும் திகதியாக 2026 ஜூலை 1 குறிக்கப்பட்டது. ஏ.சி.சி.யின் வெளியேற்றக் கட்டணம் 75 மில்லியனாகக் குறைவது 2030-31 இல். பிக் டென்னின் இப்போதைய ஒளிபரப்பு ஒப்பந்தங்களும் கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் முடிகின்றன.