உங்களுக்குத் தெரியுமா? சளிக்குப் பின் வரும் காதுவலி

சளி பிடித்த சில நாளில் குழந்தை நடுராத்திரியில் வீறிட்டு அழுகிறதா? மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழல் சிறு பிள்ளைகளுக்குக் குட்டையாக, ஏறக்குறைய படுக்கைவாட்டில் இருக்கும். சளியில் அது அடைபட்டால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கிச் சீழ் பிடிக்கலாம்.

குழந்தை காதை இழுப்பதை மட்டும் வைத்துக் காதில் சீழ் என்று முடிவுகட்ட முடியாது. தூக்கம் வந்தாலும் குழந்தைகள் இழுப்பார்கள். மருத்துவர் ஓட்டோஸ்கோப் விளக்கால் செவிப்பறை புடைத்திருக்கிறதா என்று பார்ப்பார்.

2 வயது தாண்டி, வலியும் காய்ச்சலும் கடுமையாக இல்லாத பிள்ளைக்கு வலி மருந்து மட்டும் கொடுத்து 48 முதல் 72 மணி நேரம் கவனிக்கச் சொல்லலாம். 6 மாதம் நிறையாத குழந்தைக்கோ ஆன்டிபயாடிக்கைத் தள்ளிப்போடக் கூடாது.

தயவுசெய்து காதில் காய்ச்சிய எண்ணெய் ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் அது நேரே நடுக்காதுக்குள் போய்விடும்.