தாய்மாரின் நேரமும் சங்கத்தின் நேரமும்

கூட்டுறவுச் சங்கம் பணத்தைச் சிக்கனமாகச் சேர்ப்பதற்கு உரிய இடம் என்பதை நம் அங்கத்தினர்கள் நன்கு அறிவர். குழந்தைகளை வளர்த்துக்கொண்டே தொழிலும் செய்யும் தாய்மாரின் நேரத்தைச் சங்கம் வீணாக்கலாகாது என்பதை மட்டும் நாம் அவ்வளவாக எண்ணிப் பார்த்ததில்லை. இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள சங்கங்களை ஆய்வு செய்யும் பணியில் நான் கண்டவற்றுள் சில, நெசவாளர், பயிர்த்தொழிலாளர் இல்லங்களுக்கும் பொருந்தும் என்று கருதி இங்கு எழுதுகிறேன்.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் பொழுது விடியுமுன்னரே ஏலம் தொடங்கிவிடும். மீன் விற்கும் பெண்கள் அதற்கும் முன்பே எழுந்து, உறங்கும் குழந்தையை மாமியாரிடமோ மூத்த பெண்ணிடமோ ஒப்புவித்துவிட்டுக் கூடையுடன் புறப்படுகின்றனர். ஏலத்தில் எடுத்த மீனுக்குப் பனிக்கட்டி வாங்கிப் போட்டு, நான்கைந்து பேர் கூடி ஒரு வண்டி பேசி, திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கத்துத் தெருக்களில் விற்று முடிக்க நண்பகல் ஆகிவிடுகிறது. பிறகு தண்ணீர், சமையல், துணி, பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளைகள். இரவு எட்டு மணிக்கு உறங்கினால்தான் மறுநாள் எழ முடியும். இவர்களுள் ஒருவரிடம், நாளில் தமக்கென்று உள்ள நேரம் எது என்று கேட்டேன். சற்று யோசித்து, “கூடையைக் கழுவிக் கவுத்துட்டு, அது காயுற வரைக்கும் திண்ணையில உக்காருவேன், அதான்” என்றார்.

இந்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடமும், அவ்வேலை செய்யும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுவதாகக் கண்டுள்ளனர். நெசவாளர் வீட்டுக் கணக்கு இதனினும் சிக்கலானது. தார் சுற்றுவதும் பாவுக்கு உதவுவதும் தொழிலா, வீட்டு வேலையா? கூலிப் புத்தகத்தில் பெரும்பாலும் தறியில் அமர்பவர் பெயர் மட்டுமே இருப்பதால், மனைவி சுற்றிய தார் அடுப்பு வேலையோடு சேர்ந்துவிடுகிறது. கறவை மாடு வைத்திருக்கும் குடும்பங்களில் காலைப் பாலுக்கும் மாலைப் பாலுக்கும் நேரம் தவறாமல் மாட்டடியில் நிற்பவரும் பெரும்பாலும் பெண்ணே.

சட்டம் தாய்மாருக்குச் சிலவற்றைத் தந்துள்ளது. 1961ஆம் ஆண்டுப் பேறுகால நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது, முதல் இரு குழந்தைகளுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாயிற்று. 50 பேர் பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்பதும் அத்திருத்தத்தில் வந்ததே. எண்ணூர்ப் பகுதித் தொழிற்சாலையில் நிரந்தரப் பணியிலுள்ள பெண்ணுக்கு இவை உதவும். மீன் கூடைக்காரிக்கும் தார் சுற்றுபவருக்கும் முதலாளி என்று ஒருவர் இல்லாததால் இவர்கள் யாரிடம் விடுப்புக் கேட்பார்கள்? இத்தகையோருக்கு இதுவரை உண்மையாக நேரத்தை மிச்சப்படுத்தித் தந்தது பள்ளி உணவே என்பது என் கருத்து. நெசவுத் தொழிலில் ஈடுபட்டிருந்தவரும் வடசென்னைக்காரருமான பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த 1920ஆம் ஆண்டில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் பகலுணவு தொடங்கிற்று. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், தாய் தெருவில் கூவி விற்கும் வேளையிலேயே பிள்ளையைப் பசியாற்றுகிறது.

இனி நம் சங்கங்களின் குறையைச் சொல்ல வேண்டும். ஒரு நாணய சங்கத்தின் கணக்கை ஆய்வு செய்கையில், தவணை தவறியோர் பட்டியலில் பெண்களின் பெயர்களே மிகுதியாக இருக்கக் கண்டேன். காரியதரிசி, “பெண்கள் வாங்கும்போது வருவார்கள், கட்டும்போது வரமாட்டார்கள்” என்றார். பட்டியலிலிருந்தவர்களைத் தேடிச் சென்று விசாரித்ததில், பலரிடம் பணம் இருந்தது. சங்கத்தின் அலுவலகம் காலை பத்து மணிக்குத் திறந்து மாலை ஐந்து மணிக்கு மூடுவது. முற்பகலில் அவர்கள் தெருவில் விற்பனையில் இருப்பர். பிற்பகலில் பிள்ளைகளை விட்டுவிட்டு வர இயலாது. வந்த சிலரையும் பொறுப்பாளர் வெளியே போயிருக்கிறார் என்று காக்க வைத்தனர். தவணை தவறியவர் என்று எழுதப்பட்ட பின் மறுகடன் கிடையாது. ஆகவே அவர்கள் தண்டல்காரரிடம் சென்றனர்.

தண்டல் கணக்கை அவர்களே எனக்கு விளக்கினர். 10,000 ரூபாய் என்று பேசி 8,500 ரூபாயைக் கையில் கொடுப்பார். நாளுக்கு 100 ரூபாயாக 100 நாளில் வசூலிப்பார். அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் இவ்வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு நூறையும் தாண்டிவிடும். ஆயினும் தண்டல்காரர் அவர்கள் கூடை இறக்கியிருக்கும் இடத்துக்கே, விற்பனை முடியும் வேளையில், தவறாமல் வருகிறார். காக்க வைப்பதில்லை. அப்பெண்கள் கொடுத்த வட்டியில் ஒரு பங்கு நேரத்துக்குக் கொடுத்த விலை என்றே நான் கொண்டேன். அந்த விலையை ஏற்றிவிட்டது நம் சங்கத்தின் கடிகாரம்.

இது புதிய பாடமன்று. 1978இல் ஜெயா அருணாசலம் அம்மையார் சென்னையில் உழைக்கும் மகளிருக்கென ஓர் அமைப்பை நிறுவி, தெருவோர வியாபாரப் பெண்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்து வங்கிக் கடன் பெற்றுத் தந்தார். வங்கியின் படிவங்களுக்கும் அலுவல் நேரத்துக்கும் ஈடுகொடுக்க அப்பெண்கள் தொழிலை விட்டுவிட்டுக் காத்திருக்க நேர்ந்தது. அத்தகைய இடர்களின் பயனாகவே 1981இல் அவர்களுக்கென்றே தனிக் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. குழுத் தலைவி அதே தெருவில் வாழ்பவர். உறுப்பினர் எப்போது வீட்டில் இருப்பார் என்பதை அறிந்தவர்.

நான் குறிப்பிட்ட சங்கத்தின் பஞ்சாயத்தார் சில மாதங்கள் தயங்கிய பின், வாரத்தில் இரு நாள் மாலை ஐந்து முதல் ஏழரை வரை வசூல் நடத்த இசைந்தனர். ஐந்து பெண்கள் சேர்ந்தால் ஒருவரே ஐவரின் தவணையையும் கொணர்ந்து கட்டலாம் என்றும் தீர்மானித்தனர். இதில் எதிர்பாராத ஒரு நன்மை விளைந்தது. தவணைக்காகச் சேர்ந்த ஐவர், குழந்தைகளையும் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினர். வாரத்தில் ஒரு நாள் ஒருவர் ஏலத்துக்குப் போகாமல் ஐந்து வீட்டுச் சிறு குழந்தைகளையும் கவனிப்பார். அவருக்கு வேண்டிய மீனை மற்றவர்கள் எடுத்து வருவர். முறைப்பட்டியல் ஒரு நாட்காட்டியின் பின்புறத்தில் கரியால் எழுதித் தொங்குகிறது. தார் சுற்றும் பெண்களும் நடவுக்குச் செல்லும் பெண்களும் இவ்வாறே ஐவராகச் சேர்ந்து செய்வதற்குத் தடையொன்றும் இல்லை. மகாசபையைக் கூட்டும் நேரத்தையும் உறுப்பினரான தாய்மாரைக் கேட்டே குறிக்கலாம். கூட்டத்துக்குக் குழந்தையுடன் வருவோருக்கு ஒரு பாய் விரித்து வைத்தால் செலவு ஒன்றுமில்லை.

இவ்வாறு நேரம் சற்று மிஞ்சியதும் பஞ்சாயத்தாருள் ஒருவர், அந்த நேரத்தில் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்தலாமே என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். வகுப்பு வேண்டுமா என்று அப்பெண்களிடம் கேட்டோம். இருவர் வேண்டும் என்றனர். மற்றவர்கள், அந்த நேரம் தங்களிடமே இருக்கட்டும் என்றனர். தீர்மானப் புத்தகத்தில் அவ்வாறே பதிந்திருக்கிறது.

தவணை தவறியோர் பட்டியலில் இப்போது எஞ்சியுள்ள பெயர்கள் சிலவே. அவர்கள் உண்மையாகவே பணமில்லாதவர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ள 61 நாளில் அவர்களுக்கு நேரம் இருக்கும், வருமானம் இராது. அக்காலத்துத் தவணைகளைப் பின்னுக்குத் தள்ளிவைக்கும் யோசனை, அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கப்பட்டுள்ளது.