ஆசாரியின் ஸ்பிரிட்டில் யார் விஷம் கலந்தது?

கட்டிலுக்குப் பாலிஷ் போடும் ஆசாரி, அரக்குச் சில்லுகளை ஸ்பிரிட்டில் ஊறப்போடுவார். பஞ்சால் தொட்டு மரத்தில் இழுத்தால், சற்று நேரத்தில் ஸ்பிரிட் ஆவியாகிப் பறந்துவிடும். அரக்கு மட்டும் தங்கி மினுமினுக்கும். அந்த ஸ்பிரிட்டில் பெரும்பங்கு எத்தனால்தான், அதாவது குடிக்கிற சாராயம். அதைக் குடிக்க முடியாமல் ஆக்கியது வரி அதிகாரிகள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டனில் மதுவுக்குக் கடும் தீர்வை. வார்னிஷ் செய்பவரும் அதே தீர்வையைக் கட்டினால் தொழில் எப்படித் தாங்கும்? 1855இல் ஒரு வழி கண்டார்கள். ஒன்பது பங்கு சாராயத்தில் ஒரு பங்கு மர நாப்தாவைக் கலந்துவிட்டால் தீர்வை கிடையாது. மரத்தை மூடிய கலத்தில் காய்ச்சி வடிக்கும் திரவம் அது, மெத்தனால் நிறைந்தது. கெட்டிக்கார யோசனைதான். விஷமே வரிவிலக்குச் சான்றிதழ்!

அமெரிக்காவில் 1920இல் மதுவிலக்கு வந்தபோது அந்தக் கெட்டிக்காரத்தனம் திரும்பிக் கடித்தது. கள்ளச்சந்தைக்காரர்கள் தொழிற்சாலை ஸ்பிரிட்டைக் களவாடினார்கள், சம்பளத்துக்கு வேதியியலாளர்களை அமர்த்தி அதை மறுபடி வடித்தார்கள். ஆனால் மெத்தனால் 65 டிகிரியில் கொதிக்கும், எத்தனால் 78இல். அவ்வளவு நெருக்கமான இரண்டைக் கொட்டகை அடுப்பில் எங்கே முழுதாகப் பிரிப்பது? அரசோ மெத்தனாலின் அளவை இன்னும் கூட்டியது. நியூயார்க்கின் தலைமைப் பிணப் பரிசோதகர் சார்லஸ் நாரிஸ், இதைக் குடித்து நேர்ந்த சாவுகளுக்கு அரசே தார்மீகப் பொறுப்பு என்று வெளிப்படையாகச் சாடினார். குடிப்பவன் சட்டத்தை மீறியவன்தானே என்று மறுபக்கம் பதில் வந்தது. எனக்கு நாரிஸ் பக்கமே நியாயம் தெரிகிறது.

மெத்தனாலின் சூது அதன் நிதானத்தில் இருக்கிறது. அப்படியே இருந்தால் அது பெரிய கொலைகாரன் இல்லை. ஈரலில் உள்ள ஒரு நொதி அதை முதலில் ஃபார்மால்டிஹைடாக மாற்றும். அடுத்த படியில் அது ஃபார்மிக் அமிலமாகும். எறும்புக் கடியில் சுள்ளென்று எரிக்கிற அதே அமிலம். அது பார்வை நரம்பைத் தாக்கும். கண்முன் வெள்ளைத் திரை விழும். இதற்குப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் குடித்தவர் வீடு போய்த் தூங்கியிருப்பார்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றதும் மெத்தனால்தான். நிறத்திலும் சுவையிலும் மெத்தனாலையும் எத்தனாலையும் பிரித்தறிவது குடிப்பவருக்கு இயலாத காரியம்.

ஈரலின் நொதிக்கோ வித்தியாசம் தெரியும். எத்தனாலும் மெத்தனாலும் ஒருங்கே வந்தால் அது எத்தனாலையே முதலில் பிடித்துக்கொள்ளும். காத்துக் கிடக்கும் மெத்தனால் மாறாமலே மூச்சிலும் சிறுநீரிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். அதனால்தான் ஃபோமெபிசோல் என்ற மாற்றுமருந்து கைவசம் இல்லாதபோது, மருத்துவர்கள் நோயாளிக்குச் சுத்தமான எத்தனாலை அளந்து ஏற்றுகிறார்கள்.