விரதத்துக்குப் பாரணை உண்டு

பிள்ளைச்சாவடியில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். சற்று வடக்கே, காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம். எத்தனையோ பிள்ளைகள் வீட்டுச் சாப்பாட்டை விட்டு வந்து, என்ன சாப்பிடுவது என்பதை முதன்முதலாகத் தாங்களே முடிவு செய்யும் வட்டாரம் இது. காலையில் வெறும் டீ, மதியம் சோறு தொடாமல் பொரியல் மட்டும், ராத்திரி பசி தாங்காமல் நாலு பரோட்டா, மறுநாள் அதற்குத் தண்டனையாகப் பட்டினி. எந்த ஊர் விடுதியிலும் இதைப் பார்க்கலாம். "அவ டயட்ல இருக்கா" என்று தோழிகள் விட்டுவிடுகிறார்கள். விட்டுவிடக் கூடாது.

உண்பதில் வரும் இந்தக் கோளாறை அளக்க உலகெங்கும் பயன்படுவது கனடாவின் கார்னர், கார்ஃபிங்கல் குழு 1982-ல் சுருக்கித் தந்த 26 கேள்விகள். 20 மதிப்பெண் எடுத்தாலே மருத்துவரிடம் போகச் சொல்வார்கள். ஆய்வாளர்கள் மைக்கேல் கிங்கும் தினேஷ் புக்ராவும் வட இந்தியப் பள்ளி மாணவிகளிடம் இதைக் கொடுத்தபோது, கால்வாசிப் பேருக்கு மேல் எல்லையைத் தாண்டினார்கள். அத்தனை பேருக்கும் நோய் இல்லை. சில கேள்விகளை அந்தப் பெண்கள் வேறு விதமாகப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்று 1989-ல் ஆய்வாளர்கள் இருவரும் எழுதினார்கள். ஏகாதசியும் நோன்பும் உள்ள நாட்டில் சாப்பிடாமல் இருப்பது மட்டுமே நோயின் அடையாளம் ஆகாது. விரதத்துக்குப் பாரணை உண்டு. எடைக்குப் பயந்து கிடக்கும் பட்டினிக்கு அப்படி முடித்து உண்ணும் வேளை இல்லை.

சென்னையில் டி.என்.சீனிவாசன் குழு 210 மருத்துவ மாணவர்களை ஆராய்ந்தது. முற்றிய நோய் என்று சொல்ல முடியாவிட்டாலும், 31 பேருக்கு உணவையும் உடலையும் பற்றிய உளைச்சல் இருந்தது. நமக்கென்று தனிக் கேள்வித்தாளும் அந்த ஆய்வில் பிறந்தது. வெளியான ஆண்டு 1998. கையில் ஸ்மார்ட்போன் இல்லாத காலம். உடலைப் பற்றியே படிக்கிறவர்களில் ஏழில் ஒருவர் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

அந்த நாலு பரோட்டாவுக்கு மன உறுதி இல்லாததைக் காரணம் சொல்வது தவறு. 1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆய்வாளர் ஆன்செல் கீஸ், ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைவயிற்றோடு வைத்துப் பார்த்தார். எடையில் கால்வாசி போனது. உடல் சக்தியைச் செலவழிப்பதைக் குறைத்துக்கொண்டது. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். மறுபடி உணவு கிடைத்ததும் பலர் வயிறு நிறைந்த பிறகும் நிறுத்த முடியாமல் தின்றார்கள். பட்டினி போட்ட உடம்பு அப்படித்தான் கேட்கும்.

சாப்பிட்டதும் வாந்தி எடுக்கப் போவது, மாதவிடாய் நின்றுபோவது, அடிக்கடி மயக்கம் வருவது, நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடவே கூச்சப்படுவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் "குண்டாயிட்டே", "இளைச்சிட்டே" என்ற பேச்சை நிறுத்திவிட்டு, மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனையில் மனநலத்துக்கென்று தனித் துறையே இருக்கிறது. நேரில் போகத் தயங்குகிறவர்கள் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.