மனையின் விலையும் மனிதரின் நிலையும்

பிழைப்பு நாடித் திருவனந்தபுரம் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றிற்கும் ஓர் ஆசை உண்டு. எப்பாடுபட்டேனும் நான்கு சென்ட் மனை வாங்கி, சொந்தமாக ஒரு வீடு கட்டிவிட வேண்டும் என்பதே அது. மனை பார்க்கப் புறப்படுகிறவர் முதலில், "சென்ட் என்ன விலை?" என்று கேட்கிறார். அடுத்து, "அக்கம்பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்கிறார். இவ்விரு கேள்விகளும் வெவ்வேறானவை போலத் தோன்றும். ஆராய்ந்து பார்த்தால் இரண்டாவது கேள்வியின் விடைதான் முதற் கேள்விக்கும் விடையாக அமைவதைக் காணலாம்.

நம் நகரின் அமைப்பே இதற்குச் சான்று. பத்மநாபசுவாமி கோயிலைச் சூழ்ந்து கோட்டை, அதனுள் அக்கிரகாரங்கள். கரமனையிலும் வலியசாலையிலும் தமிழ் அந்தணர் தெருக்கள். சாலைக் கடைத்தெருவில் நம் வணிகர்கள். கோயிலுக்கும் அரண்மனைக்கும் அருகே குடியிருக்க இடம் பெற்றவர்கள் சிலர். அதே திருவிதாங்கூரில் கோயிலை அடுத்த வீதிகள் பலவற்றில் நடக்கவும் உரிமையின்றி ஒதுக்கப்பட்டவர்கள் பலர். ஆலயப் பிரவேச விளம்பரம் வெளிவந்தது 1936 நவம்பர் 12 அன்றுதான். நடக்கவே இசைவில்லாத தெருவில் ஒருவர் மனை வாங்குவது எங்ஙனம்?

நகருக்கு அண்மையிலுள்ள வெங்ஙானூரில் 1863-ஆம் ஆண்டு பிறந்த அய்யன்காளி இதனை நன்குணர்ந்திருந்தார். 1893-இல் தடையை மீறி வில்வண்டி பூட்டிப் பொதுச் சாலையில் சென்றார். பின்னர் ஸ்ரீமூலம் பிரஜா சபையின் உறுப்பினரானபோது, தம் மக்களுக்கு நிலம் வேண்டும் என்று அங்கே வாதாடினார். வழி கிடைத்தால் மட்டும் போதாது, நிற்க மண்ணும் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

கேரள நிலச் சீர்திருத்தம் 1970 ஜனவரி முதல் நாள் முழு அளவில் நடைமுறைக்கு வந்தது. பயிரிட்ட குத்தகையாளருக்கு வயல் உரிமையாயிற்று. பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த கூலித் தொழிலாளருக்கோ குடியிருப்பு நிலம் மட்டுமே கிடைத்தது. ஊராட்சியில் பத்து சென்ட், நகராட்சியில் ஐந்து, பெருநகரில் மூன்று என அளவு வகுத்தனர். அதுவும் பெரும்பேறே. எனினும் மூன்று சென்ட்டை மூன்று பிள்ளைகளுக்குப் பங்கிட்டால் மிஞ்சுவது என்ன? நிலவிலை ஏற ஏற, முன்னரே நிலம் வைத்திருந்தவர் வீட்டில் செல்வம் தானே வளர்ந்தது. நிலமற்றவர் வீட்டில் வாடகைதான் வளர்ந்தது.

தலைமைச் செயலகத்திற்குக் கூப்பிடு தூரத்தில் செங்கல்சூளை என்னும் குடியிருப்பு உள்ளது. ராஜாஜி நகர் என்பது அதன் இன்றைய பெயர். செங்கல் சூளை இருந்த இடமாதலின் அப்பெயர் என்பர். அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். சுற்றிலும் மண் பொன்னாக விற்கிறது. ஆயினும் பட்டயம் இல்லாதவருக்கு அந்தப் பொன்னால் பயன் இல்லை. பட்டயமின்றி வங்கி கடன் தராது. கடனின்றி வீடு சீர்ப்படாது. வீடு சீர்ப்படாத இடத்தைப் பிறர் இழிவாகப் பேசுவர். அப்பேச்சே பின்னர் "விலை" என்னும் பெயர் பெறுகிறது.

இவ்வழக்கம் உலகில் வேறெங்கும் இல்லாததன்று. அமெரிக்காவில் 1930-களில் நகர வரைபடங்களைத் தீட்டியவர்கள் நீக்ரோ மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசினர். அத்தகைய பகுதிகளில் வீட்டுக் கடன் கிடைப்பது அரிதாயிற்று. தென்னாப்பிரிக்காவில் 1950-ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டம் நம்மவரையே தாக்கியது. டர்பன் நகரை அடுத்த கேட்டோ மேனரில் தோட்டமிட்டு வாழ்ந்த இந்தியர் பலர், அவர்களுள் தமிழர் பலரும், சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்க்கப்பட்டனர். 1991-இல் அச்சட்டம் நீங்கியது. இழந்த மனையின் மதிப்போ எளிதில் திரும்பவில்லை.

அங்கே தோலின் நிறம், இங்கே பிறந்த குலம். கணக்கு ஒன்றே. டர்பன் தமிழருக்காக வருந்தும் நாம், நம் வீட்டை வாடகைக்கு விடும்போது வந்தவரின் குலத்தை விசாரிப்பது முறையாகுமா? பிற ஊரில் வாடகை வீடு தேடி அலைந்த அனுபவம் நமக்கில்லையா?

வெள்ளையம்பலத்தில், கவடியார் அரண்மனைக்குச் செல்லும் சாலையின் தலைப்பில், அய்யன்காளியின் சிலை நிற்கிறது. வண்டியேறிச் செல்லக்கூடாது என்று தடுக்கப்பட்டவர் இன்று ராஜபாதையில் நிற்கிறார். அச்சாலையின் இருபுறமும் மனை வாங்கும் வலிமை அவர்தம் மக்களுக்கும் வரும் நாளே, நம் நகரில் நிலத்தின் விலை நேர்மையான விலையாகும் நாள்.