பேனாக்கத்தி வாங்குமுன்

பழம் நறுக்கவும் பென்சில் சீவவும் பேனாக்கத்தி ஒன்று தேவைப்படுகிறது. எதை வாங்குவது? மூன்று கத்திகளால் எலுமிச்சம்பழம் அறுத்துப் பார்த்தேன்.

முதலாவது, சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ். கார்ல் எல்சனர் 1884ஆம் ஆண்டு தொடங்கிய பட்டறையின் வழிவந்தது. துருப்பிடிக்காத எஃகு, சாறு பட்டும் நிறம் மாறவில்லை. விரித்த அலகை வில்தகடு ஒன்று அழுத்திப் பிடிக்கிறது. கத்தரிக்கோல், திருப்புளி எனக் கருவிகள் கூடக்கூட விலையும் கூடும்.

இரண்டாவது, பிரான்சின் ஒப்பினெல், 1890இல் தோன்றியது. மரப்பிடி. விரித்த அலகைப் பூட்டும் வளையம் 1955இல் சேர்ந்தது. துருப்பிடிக்காத வகையும் உண்டு. நான் சோதித்தது கார்பன் எஃகு. எளிதில் கூராகிறது, ஆனால் எலுமிச்சைச் சாற்றில் கறுத்தது. சென்னையின் ஈரக்காற்றில், துடைத்து எண்ணெய் தடவாவிட்டால் துருவேறும்.

மூன்றாவது, பூவிருந்தவல்லிக் கடைத்தெருவில் வாங்கிய பெயரில்லாக் கத்தி. மலிவு, சாணை பிடித்தபின் நன்றாகவே அறுத்தது. ஆனால் ஆணி தளர்ந்து அலகு ஆடுகிறது. அம்பத்தூர்ப் பட்டறைகளில் இந்த ஆட்டத்தை 'ப்ளே' என்பார்கள். அழுத்தும்போது அலகு மடங்கினால் வெட்டுப்படுவது நம் விரல்தான்.

ஆகவே நண்பர்களே, பெயரைப் பார்க்குமுன் ஆணியைப் பாருங்கள். விரித்த அலகைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடக்கூடாது. கூர் மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம். தளர்ந்த ஆணியை நம்பலாகாது. துடைத்து வைக்கும் பொறுமை உள்ளவர்க்குக் கார்பன் எஃகு. இல்லாதவர்க்குத் துருப்பிடிக்காத எஃகு. பயன்படுத்தாத கருவிகளுக்குப் பணம் கொடுப்பானேன்?