உங்களுக்குத் தெரியுமா? உப்புக்காற்று ஊரில் ஒரு துள்ளல் கார்!

பொம்மையார்பாளையம் பக்கம் வீடா? பட்ஜெட் சின்னதா? ஆனாலும் ஆக்சிலேட்டரை மிதித்தால் சீறிப் பாயும் செகண்ட் ஹேண்ட் கார்தான் வேண்டுமா? உங்களுக்காகவே அலசித் தேடிப் பிடித்த தகவல்கள் இவை. ஒவ்வொன்றும் அசல் சரக்கு!

இந்தியாவின் மலிவான, சீறிப் பாயும் சின்னக் கார்களில் ஒன்று கோயம்புத்தூரில் உருவானது! டாடாவும் கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் பாதிக்குப் பாதி கூட்டுச் சேர்ந்து கொண்டுவந்த டியாகோ ஜே.டி.பி. அது. ஆண்டு 2018. டர்போ பெட்ரோல். 114 குதிரைசக்தி. அறிமுக விலை வெறும் 6.39 லட்சம்!

அதே காலத்துச் சாதா டியாகோ பெட்ரோலுக்கு 85 குதிரைசக்திதான். அதாவது, அதே கூட்டுக்குள் 29 குதிரைகள் கூடுதல்!

உஷார்! இரண்டுமே 1.2 லிட்டர்தான். சாதா டியாகோவில் ஜே.டி.பி. ஸ்டிக்கர் ஒட்டி வந்தால் சி.சி.யைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பானெட்டைத் தூக்குங்கள். டர்போ இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஜே.டி.பி.யில் ஆட்டோமேட்டிக் கியரே கிடையாது. ஐந்து கியர் மேனுவல் மட்டும்தான்!

அதே கோவையில், ஜே.ஏ. மோட்டார்ஸ்போர்ட் பட்டறை ஒரு டாடா நானோவைக் கையில் எடுத்தது. சாதா நானோவுக்கு 38 குதிரைசக்தி. இவர்கள் அதை ஏற்றிய அளவு 230! ஆமாம், நானோவேதான்!

இந்த ரகக் கார்களுக்கெல்லாம் வழிகாட்டி 1976இல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. முதலில் 5,000 கார் விற்றால் போதும் என்றுதான் கணக்குப் போட்டார்கள். விற்றதோ நாலரை லட்சத்துக்கும் மேல்!

அந்த முதல் ஜி.டி.ஐ.க்கு 110 குதிரைசக்தி. நம் இருங்காட்டுக்கோட்டையில் 2007இல் தயாரான ஹூண்டாய் கெட்ஸ் பிரைம் டீசலுக்கும் அதே 110! பார்ப்பதற்குப் பரம சாது. பலர் மறந்தே போன கார். நல்ல உடம்போடு கண்ணில் பட்டால் சட்டென்று கடந்து போய்விடாதீர்கள்!

இருங்காட்டுக்கோட்டை என்றால் ஹூண்டாய் மட்டும் என்று நினைத்தீர்களா? சென்னை ரேஸ் டிராக்கும் அதே ஊரில்தான்! நீளம் 3.7 கிலோமீட்டர். 1990இலிருந்து ஓட்டம்!

ரேஸ் வெறியர்கள் இன்றும் தேடும் மிட்சுபிஷி லான்சர் செடியா எங்கே தயாரானது? நம் திருவள்ளூரில்! இரண்டு லிட்டர் இன்ஜின், 115 குதிரைசக்தி. ஃபோர்டு ஐகானும் ஃபியெஸ்டா 1.6 எஸ்ஸும்? மறைமலை நகர்! சென்னையிலிருந்து இ.சி.ஆர். பிடித்தால் நம் ஊர் வரை ஒரே ஓட்டம்தான். இந்தப் பழைய வீரர்களில் பாதிப் பேர் நம் பக்கத்து ஊர்க்காரர்கள்!

இப்போது உப்புக்கு வருகிறேன். இதுதான் இந்த வாரத்தின் உச்சம்!

கார் கம்பெனிகள் பெயிண்ட்டையும் தகட்டையும் சோதிக்க ஒரு மூடிய பெட்டிக்குள் உப்புப் புகை அடிப்பார்கள். 5 சதவீத உப்புக் கரைசல், 35 டிகிரி வெப்பம். 1939இலேயே அமெரிக்காவில் வகுத்த சோதனை. நம் கடல்நீரில் உப்பு 3.5 சதவீதம், மே மாத வெயில் 35 டிகிரியைத் தாண்டும். பொம்மையார்பாளையத்தில் அந்தச் சோதனை கிட்டத்தட்ட இலவசமாகவே நடக்கிறது!

காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் போதும், உப்புத்தூள் தானாகவே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். மழையே வேண்டாம். கடற்கரை இரவுகளில் 75 சர்வ சாதாரணம். ஓட்டாமல் போர்வை போட்டு நிறுத்திய காரும் ராத்திரியெல்லாம் துருப்பிடித்துக்கொண்டேதான் இருக்கும்!

துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். பெயிண்ட் மேலே ஒரு சின்னக் கொப்புளம் தெரிகிறதா? உள்ளே வேலை எப்போதோ ஆரம்பித்துவிட்டது!

கார் பார்க்கப் போகிறீர்களா? பானெட்டை அப்புறம் திறக்கலாம். முதலில் கதவைத் திறந்து, அடிவிளிம்பில் ஒரு விரலை மெல்ல ஓட்டுங்கள். சின்னச் சின்ன ஓட்டைகள் தட்டுப்படும். உள்ளே இறங்கும் மழைநீர் வடியட்டும் என்று கம்பெனியே விட்டவை. அவை மணலால் அடைபட்டிருந்தால் கதவுக்குள் உப்புத்தண்ணீர் தேங்கியிருக்க வாய்ப்பு அதிகம். விரலில் பழுப்புத் தூள் ஒட்டினால் பேரம் பேசவே வேண்டாம், அடுத்த காரைப் பார்க்கக் கிளம்புங்கள். ஒரு பைசா செலவில்லாத சோதனை!

டர்போவை மாற்றலாம். கிளட்ச் பிளேட்டை மாற்றலாம். இன்ஜினையே இறக்கி வேறு வைக்கலாம். அரித்துப்போன அடித்தளத்தை? முடியவே முடியாது என்றே சொல்வேன்! உப்புக்காற்றுக் கரையில் குறைந்த காசில் கார் வாங்கும்போது முதல் மதிப்பெண் தகட்டுக்கு, அப்புறம்தான் குதிரைசக்திக்கு!

ஃபோக்ஸ்வாகன் போலோவின் பாடி துத்தநாகம் பூசிய எஃகு. அரிப்பு வந்தால் துத்தநாகம்தான் முதலில் பலியாகும். தனக்கு வரும் அடியைத் துத்தநாகத்துக்குத் தள்ளிவிட்டு இரும்பு தப்பித்துக்கொள்ளும்!

அதற்காகப் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.யைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள். 105 குதிரைசக்தி, 7 கியர் டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக். ஓட்டினால் இறங்க மனசு வராது. ஆனால் 7 கியர் டி.எஸ்.ஜி. கோளாறு செய்யும் என்ற பெயர் உலகப் பிரசித்தம். 2013இல் சீனாவில் மட்டும் டி.எஸ்.ஜி.க்காகத் திரும்ப அழைக்கப்பட்ட கார்கள் எத்தனை தெரியுமா? 3,84,181!

டி.எஸ்.ஜி. காரை ஓட்டிப் பார்க்கும்போது இ.சி.ஆரில் பறக்க வேண்டாம். கோட்டக்குப்பம் நெரிசலில் ஊர்ந்து பாருங்கள். முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் உதறல் வந்தால் செலவு காத்திருக்கிறது!

2016இல் வந்த போலோ ஜி.டி.ஐ. இந்தியாவுக்கு எத்தனை ஒதுக்கப்பட்டது? 99! அறிமுக விலை 25.99 லட்சம்! நம் பட்ஜெட்டுக்கு வெகு தூரம்தான். பார்த்தால் ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்ளுங்கள்!

மாருதி பலேனோ ஆர்.எஸ். 2017இல் வந்தது. 102 குதிரைசக்தி, நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். 2020க்குள் மூட்டை கட்டிவிட்டது. வெறும் மூன்று ஆண்டு வாழ்க்கை!

ஸ்விஃப்ட்? 2005இல் இந்தியாவுக்கு வந்து, 2024க்குள் 30 லட்சம் கார் விற்றுத் தீர்த்தது. திண்டிவனத்தில் கேட்டாலும் பார்ட்ஸ் கிடைக்கும், மரக்காணத்தில் நின்றுபோனாலும் கைவைக்கத் தெரிந்த மெக்கானிக் இருப்பார். குறைந்த பட்ஜெட்டில் இதுவும் ஒரு குதிரைசக்திதான்!

பழைய டீசல் ஸ்விஃப்ட்டின் இதயம் ஜப்பான் அல்ல, இத்தாலி! ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட். அதே குடும்பத்து இன்ஜின் டாடாவிலும் ஓடியது, ஃபியட்டிலும் ஓடியது, செவ்ரோலேயிலும் ஓடியது. ஒரே இன்ஜின், நான்கு பெயர்ப்பலகை!

என் தேர்வைக் கேட்கிறீர்களா? அடித்தகடு சுத்தமாக உள்ள ஜே.டி.பி. கிடைத்தால் அதுவே! இன்ஜின் நெக்ஸான் குடும்பம் என்பதால் பெரிய கவலை இல்லை. பம்பர், பானெட் மாதிரி அதற்கென்றே செய்த பாகங்களுக்குத்தான் கொஞ்சம் அலைய வேண்டும். கிடைக்காவிட்டால் பெட்ரோல் ஸ்விஃப்ட். இரண்டுக்கும் நடுவில் வேறு எது வந்தாலும் விரல் சோதனைக்குப் பிறகுதான்!

2024 ஃபெஞ்சல் புயல் ஞாபகம் இருக்கிறதா? நம் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் கொட்டியது சுமார் 50 சென்டிமீட்டர்! அந்த வெள்ளத்தில் மூழ்கிய கார் பாலிஷ் போட்டு உங்கள் முன்னால் நிற்கலாம்!

கண்டுபிடிக்க ஒரு அட்டகாசமான வழி! சீட் பெல்ட்டைக் கடைசி அங்குலம் வரை வெளியே இழுங்கள். சீட்டைத் துவைப்பார்கள், கார்ப்பெட்டை மாற்றுவார்கள். சுருளுக்குள் கிடக்கும் பெல்ட்டின் கடைசி முழத்தை யாரும் நினைப்பதே இல்லை. அங்கே ஒரு சேற்றுக் கோடு தெரிந்தால் கதை முடிந்தது!

டயர் பொய் சொல்லாது! பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மீட்டர் 18,000 கிலோமீட்டர் காட்டுகிறது, ஆனால் டயர் காரைவிட நான்கு வருடம் இளையது என்றால் ஒரு செட் ஏற்கெனவே தேய்ந்து கழன்றிருக்கிறது!

பட்டி பார்த்த காரா? சட்டைப் பையில் ஒரு காந்தம் போதும். தகட்டில் ஒட்டும், பட்டியில் ஒட்டாது. சேஸிஸ் எண்ணில் 17 எழுத்து. அதில் ஐ, ஓ, க்யூ மூன்றும் வரவே வராது. வந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள்!

டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறதா? சங்ககால உப்பு வணிகர்களான உமணர்களே வண்டிக்கு அடியில் ஒரு உபரி அச்சைக் கட்டிக்கொண்டுதான் கிளம்பினார்கள். ஔவையார் புறநானூற்றின் 102ஆம் பாட்டில் அதைச் சொல்கிறார். உப்பு வண்டிக்கு ஸ்டெப்னி, சுமார் 2,000 ஆண்டுக்கு முன்பே!

கோட்டக்குப்பம் தாண்டினால் புதுச்சேரி. அங்கே வாங்கும் பி.ஒய். காரைத் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் பதிவு எண்ணையே மாற்ற வேண்டும். என்.ஓ.சி. கையில் இல்லாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்!

பி.ஒய். 01 புதுச்சேரி. பி.ஒய். 02 காரைக்கால். பி.ஒய். 03? அரபிக்கடல் ஓர மாஹே! பி.ஒய். 04? கோதாவரிக் கரை ஏனாம்! பக்கத்து ஊர் கார் என்று நினைப்பது இன்னொரு கடலின் உப்பைத் தின்று வந்ததாக இருக்கலாம்!

வாங்கியபின் 30 நாளுக்குள் ஆர்.சி.யில் பெயர் மாற்றக் கேட்டாக வேண்டும். பல கை மாறியும் பெயர் மாற்றாத ஒரு கார் விபத்தில் சிக்கியது. ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது! உங்கள் பழைய காரை விற்கும்போதும் இதை மறக்காதீர்கள்!

இன்ஷூரன்ஸ் கணக்கில் நான்கு வயது தாண்டிய காரின் மதிப்பு அடிபடுவது 50 சதவீதம்! அதே காருக்கு முந்தைய ஓனர் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. அது காரோடு போகாது, ஆளோடு போகும்!

மறுபடி ஸ்விஃப்ட்டுக்கு வருவோம். 2018 ஸ்விஃப்ட் முந்தையதைவிட 85 கிலோ வரை இளைத்தது! எடை குறைந்தால் அதே இன்ஜின் துள்ளும். காசு கொட்டாமல் வேகம் வாங்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது!

கடைசியாக ஒன்று. ஃபியட் புன்டோ அபார்த் நம் நாட்டுக்கு 2015இல் வந்தது. 145 குதிரைசக்தி, 9.95 லட்சம். மூக்கில் ஒரு தேள் சின்னம். அதன் மூலவர் கார்லோ அபார்த் விருச்சிக ராசிக்காரர் என்பதால்தான் தேள்! 1965இல், ஐம்பத்தேழாவது வயதில், சாதனை ஓட்டத்துக்கான குட்டிக் காருக்குள் அவரால் நுழைய முடியவில்லை. காரைப் பெரிதாக்கினாரா? இல்லவே இல்லை! ஆப்பிளாகச் சாப்பிட்டு உடம்பை இளைத்து உள்ளே உட்கார்ந்தார். சாதனையும் படைத்தார். குறைத்த எடை 30 கிலோ!